கரை டூட்டிக்காரன் படித்த புத்தகங்கள்

முருகன் துணை.

எங்கள் ஓய்வு பெற்றோர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி, இப்போது நிலையத்தில் வேலை பார்க்கும் இசக்கிபாண்டி வீட்டுக்கே வந்து கேட்டார். நான் மறுத்துவிட்டேன். தீயணைப்பு வேலையில் இருந்தேனே தவிர, எழுதும்படியாக மெடல் ஒன்றும் வாங்கவில்லை.

"சோலி அனுபவத்த எல்லாரும் எழுதுதாவ அண்ணாச்சி. நீங்க எப்பப் பார்த்தாலும் புஸ்தகமும் கையுமால்லா இருக்கிய. சமீபத்துல படிச்சது எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு எழுதுங்க. எங்களுக்கும் எதைப் படிக்கன்னு தெரியும்லா."

"பத்தாங்கிளாஸ் படிச்சவன் அபிப்பிராயத்த எவம்லே கேப்பான்?"

"நாங்க கேக்கோம்லா" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால் புத்தகங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கடைசிப் புத்தகம் என்னைப் பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முழங்கால் தேய்ந்து வீட்டோடு ஆன பிறகுதான் எனக்குப் படிக்கிற பழக்கம் வந்தது. காலையில் குளித்து, திருநீறு பூசி, கந்தனுக்கு ஒரு பூவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை புத்தகம். பாளையங்கோட்டை நூலகத்திலிருந்து மகள் எடுத்துவந்து தருவாள். நாவல், தன் கதையைத் தானே எழுதியது, இரண்டும் பிடிக்கும். எந்தப் புத்தகத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. நன்றாக இல்லை என்று நான் எழுதி, அது எழுதியவர் கண்ணில் பட்டு அவர் மனம் நொந்தால் அந்தப் பாவம் எனக்கெதற்கு?

முதலில் ஒரு நாவல். ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்து எரிகிறது. கதாநாயகன் எங்கள் ஆள், தீயணைப்பு வீரன். புகைக்குள் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் ஒரு பக்கத்துக்குப் பேசுகிறான். புகைக்குள் போய்வந்தவனுக்குப் பேச்சு வராது, வாந்திதான் வரும். ஆனால் மறுநாள் அந்தக் கடைக்காரர் நனைந்து கரிந்த துணிக்கட்டைப் பிரிக்கும்போது வரும் வாடையை எழுதியிருக்கிறார் பாருங்கள், அதைப் படிக்கையில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எழுதியவர் எங்கேயோ நின்று அந்த மூச்சை இழுத்திருக்கிறார். அந்த ஒரு பக்கத்துக்காகப் படிக்கலாம்.

அடுத்தது மலைமேல் எஸ்டேட்டில் தேயிலை பறித்த ஒரு பெண்ணின் கதை. அதுவும் நாவல்தான். செத்துப்போன தங்கையின் பிள்ளைகளை வளர்க்கிறாள். கடைசியில் எஸ்டேட் வீட்டைக் காலி செய்து இறங்கும்போது, இனி அட்டைக்கடிக்கு உப்பு வேண்டாமே என்று உப்பு டப்பாவை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வருகிறாள். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"ஆத்துலயும் நெருப்புலயும் எத்தனை பேரைத் தூக்குன மனுசன்! அங்கெல்லாம் அழாம, உப்பு டப்பாவுக்கு அழுதியளாக்கும். கிருத்திகைக்குக் கிருத்திகை பட்டினி கிடந்து கிடந்து ஒங்களுக்குத் தலை கெறங்கிட்டு."

பட்டினி என்று அவள் சொல்வது என் விரதத்தை. மாதாமாதம் கிருத்திகையன்று பொழுது சாய்கிறவரை தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டேன். சாயங்காலம் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறைக் கோயிலில் முருகனைக் கும்பிட்டு வந்துதான் சாப்பாடு. வேலையில் இருந்தபோதும் விட்டதில்லை.

மூன்றாவது, பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் வாழ்க்கையை எழுதியது. தடித்த புத்தகம். எந்த ஊருக்கு மாறினார், எந்த மந்திரி என்ன சொன்னார் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. நடுவில் ஒரு வரி: அந்த வருஷம் என் மனைவி காலமானார். அவ்வளவுதான். அடுத்த வரியில் பாலம் திறப்பு விழா வந்துவிடுகிறது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு மற்ற தன்கதைகளையும் கவனித்துப் பார்த்தேன். தன் கதையைத் தானே எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஓர் இடத்தில் நடையை எட்டிப் போடுகிறார்கள், சித்திரை மாத ஆற்று மணலில் செருப்பில்லாமல் நடக்கிறவன் மாதிரி. அந்த இடத்தில்தான் சூடு இருக்கிறது. படிப்பில்லாத எனக்குத் தெரிந்த ஒரே இலக்கிய அபிப்பிராயம் இதுதான்.

இனி நான்காவது புத்தகம்.

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த ஓர் அம்மா எழுதியது. ஒல்லியான புத்தகம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகனை ஆறு கொண்டுபோனதைப் பற்றியது. முதல் பக்கத்திலேயே ஓர் அணைக்கட்டு வருகிறது, அதற்குக் கீழே ஒரு கசம் வருகிறது. ஆற்றில் மணல் போய் ஆழப்பட்டுக் கிடக்கும் பள்ளத்தைக் கசம் என்போம். பையன் பெயர் சங்கரன் என்று படித்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பையனைத் தெரியும். வீட்டில் அவனை சங்கு என்று கூப்பிடுவார்கள் என்பதும் தெரியும்.

ஏன் தெரியும் என்று சொல்வதற்கு எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சென்னையில் ஏணி ஏறினேன், ஓஸ் பைப் சுருட்டினேன், காக்கி கொடுத்தார்கள், ஊருக்கு வந்துவிட்டேன். தீயணைப்பு நிலையம் என்று பெயரே தவிர, தாமிரபரணி ஓடுகிற ஊரில் எங்களுக்குத் தீயைவிடத் தண்ணீர்தான் அதிக வேலை வைத்தது. குளிக்க வருகிறவர்கள், அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள், கல்லூரியிலிருந்து கூட்டமாக வரும் பிள்ளைகள். ஆறு பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும்.

எங்களுக்கு நிலைய அலுவலராக இருந்தவர் நாங்குநேரிக்காரர். ஆபீசர் என்றுதான் கூப்பிடுவோம். வானமாமலைப் பெருமாள் பக்தர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கரைக்கு வந்ததும் முதல் காரியமாக ஷூவைக் கழற்றி வண்டியடியில் வைத்துவிடுவார். காக்கி உடுப்போடு வெறுங்காலில் மணலில் நடப்பார். நான் முருகன் பக்தன் என்பதால் என்னைச் சீண்டுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"உம்ம சாமி வருசா வருசம் வெள்ளத்துல முங்குதாரு வே. எங்க பெருமாளைப் பாரும். எண்ணெயிலதான் குளிப்பாரு. தண்ணிப் பக்கமே போவமாட்டாரு. வெவரமானவரு."

"முங்குனவங்க கஷ்டம் எங்க சாமிக்குத்தான் ஐயா தெரியும்" என்பேன்.

வண்டி ஆற்றங்கரைக்கு வந்து நின்றதும், எங்கே முங்கினான் என்று அவர் முதலில் கேட்கமாட்டார். கூட்டத்தில் முங்கினவன் வீட்டார் யார் என்று பார்ப்பார். அழுகிறவர்களை விட்டுவிடுவார். அழாமல், கரையில் கழற்றிப் போட்ட செருப்பையே பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரைக் கண்ணால் காட்டி, "கந்தையா, நீரு கரை" என்பார். நீச்சல்காரர்கள் தண்ணீருக்குள் போவார்கள். நான் கரையில் அந்த ஆளோடு இருக்க வேண்டும். இதற்கு எங்களுக்குள் கரை டூட்டி என்று பெயர். எந்த அரசாணையிலும் இது கிடையாது. ஆபீசர் உண்டாக்கியது.

அதற்கு அவர் வைத்த முறை இது. வந்தவரை முதலில் உட்கார வைக்க வேண்டும். நிற்கிறவர்கள்தான் ஓடுவார்கள். அவர் முதுகு ஆற்றைப் பார்த்து இருக்க வேண்டும். நான் எதிரே, ஆற்றைப் பார்த்து உட்கார வேண்டும். பெண்ணாக இருந்தால் குளிக்க வந்த பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்திக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிறகு கேள்விகள். என்ன கலர் சட்டை? வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? காலையில் என்ன சாப்பிட்டான்?

சட்டை எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுப் பெயர் எங்கள் நீச்சல்காரர்களுக்காக. ஊருக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தண்ணீர் ஆளைத் தராது, வீட்டுப் பெயரைச் சொன்னால்தான் தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. முங்குவதற்கு முன்னால் அந்தப் பெயரைத் தண்ணீரைத் தொட்டுச் சொல்வார்கள். ஆபீசர் அதை நம்பினாரா என்று தெரியாது, தடுக்கவில்லை. சாப்பாட்டுக் கேள்வி அவருடையது. "வேற எதைக் கேட்டாலும் வாய் அடைச்சுப் போயிரும் வே. பிள்ளை என்ன சாப்பிட்டான்னு கேட்டா மட்டும் தாய்க்கு நாக்கு தானா அசையும்."

சொல்லக் கூடாதவையும் உண்டு. ஒன்றும் ஆகாது என்று சொல்லக் கூடாது. சாமி காப்பாற்றும் என்றும் சொல்லக் கூடாது. இதுதான் எனக்குக் கஷ்டம். ஒருமுறை என்னை அறியாமல் ஒரு தகப்பனாரிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது வண்டியில் ஆபீசர், "சாமிய சாட்சிக்குக் கூப்பிடாதேயும் கந்தையா. நாளைக்கு அந்த ஆளு கோயிலுக்குப் போவணும்லா" என்றார். அன்றிலிருந்து வாயைத் திறக்கமாட்டேன், மனசுக்குள் மட்டும் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆள் கிடைத்தால் யாரும் சத்தம் போடக் கூடாது. நீச்சல்காரர் ஒரு கையைத் தூக்கி இறக்குவார். ஆபீசர் தொப்பியைக் கழற்றுவார். எதிரே இருக்கிறவருக்கு எதுவும் தெரியாதபடி என் முகம் அப்படியே இருக்க வேண்டும். முகத்தைக் கழுவி, வெள்ளைத்துணி சுற்றி, பார்க்கிற நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டாரை எழுப்பிக் கூட்டிப் போவோம்.

ஏன் இப்படி என்று நான் கேட்டிருக்கிறேன். ஆபீசர் சொன்னார். அவருடைய ஆரம்ப காலத்தில் ஒரு பெண் குழந்தையைத் தேடியிருக்கிறார்கள். தகப்பன் கரையிலேயே நின்றிருக்கிறான். குழந்தையின் பாவாடை தண்ணீருக்கு மேலே தெரிந்ததும் தாவிவிட்டான். கசத்துச் சுழலில் அவனும் போய்விட்டான். "ஒண்ணை எடுக்கப் போயி ரெண்டா எடுத்துட்டு வந்தோம் வே" என்றார்.

இப்படி எத்தனையோ பேருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நல்ல காரியம் செய்கிறோம் என்றே நினைத்தேன். ஒரு தாய் பார்க்கக் கூடாததைப் பார்க்காமல் தடுக்கிறோம், அதற்காகவாவது முருகன் என்னை இந்த வேலையில் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருந்த ஒரே நிம்மதி அதுதான்.

புத்தகத்தை மறுநாள்தான் மறுபடி திறந்தேன்.

டீச்சர் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து சொன்னது, ஆட்டோவில் வந்தது, மணலில் கிடந்த செருப்பு. அப்புறம் நான் வருகிறேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு தீயணைப்புக்காரர் என்று. டீச்சர் எழுதியது இது: அவர் என்னை ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். பிள்ளையைத் தண்ணீரில் தேடிக்கொண்டிருக்கும்போது அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். கல் மனசு. அந்த மனிதர் மேல் பல வருஷம் எனக்கு ஆத்திரம் இருந்தது. இப்படி எழுதியிருக்கிறார்.

அடுத்த பக்கம்தான் என்னைக் கொன்றது. என் பிள்ளை தண்ணீரிலிருந்து வெளியே வந்ததை எல்லாரும் பார்த்தார்கள், சோப்பு விற்க வந்தவன் பார்த்தான், துணி துவைக்க வந்தவள் பார்த்தாள், பெற்றவள் நான் மட்டும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார். பின்னால் கூட்டத்தில் ஒரு சலசலப்பு வந்தபோது திரும்பவில்லையாம். எதிரே இருந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த முகம் அசையவில்லை, ஆனால் நெற்றியில் திருநீற்றுக் கோடு மடங்கியது. சங்கு போய்விட்டான் என்று அதில்தான் தெரிந்துகொண்டாராம். பிள்ளையை வெள்ளைத்துணிக்குள் காட்டினார்கள், அதற்கு முன்னால் அவன் எப்படி வந்தான், யார் தூக்கினார்கள், கண் திறந்திருந்ததா என்று இத்தனை வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை, இனி சொல்ல ஆள் இருக்கிறதோ என்னவோ என்று அந்த அத்தியாயத்தை முடித்திருக்கிறார்.

எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். திருநீறு பூசியிருந்தேன். முகத்தை அசைக்காமல் நெற்றியை மட்டும் சுருக்கிப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து வீட்டுக்காரி, "கண்ணாடியில என்ன கூத்து?" என்றாள்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த நாள் காலையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனான். மற்றதையெல்லாம் நின்று நின்று எழுதியவர் அந்த இடத்தில் எட்டி நடந்துவிட்டார்.

அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பையனை எடுத்த நீச்சல்காரர் சுடலைமுத்து போன வருஷம் தவறிவிட்டார். ஆபீசர் அன்று கூட்டத்தை மறித்துக்கொண்டு ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றார். கரையில் நின்றவர்களுக்கும் தூரத்தில் சுடலைமுத்துவின் முதுகுதான் தெரிந்தது. கூட்டத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

டீச்சரிடம் போவதா வேண்டாமா என்று தெரியாமல், ஆபீசரைக் கேட்க நாங்குநேரிக்கு பஸ் ஏறினேன். ஆபீசருக்கு இப்போது கண் பார்வை ரொம்பக் குறைந்துவிட்டது. மகள் வீட்டில் இருக்கிறார். வாசல் நாற்காலியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். குரலை வைத்தே தெரிந்துகொண்டார்.

"வாரும் வே கந்தையா. உம்ம சாமி இந்த வருசம் முங்கினாரா?"

"முங்கி எந்திரிச்சுட்டாரு ஐயா."

புத்தகத்தைப் பற்றிச் சொல்லி, அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டினேன். கல் மனசு என்ற இடத்தில் தாண்டப் பார்த்தேன். "தாண்டாதேயும், வாசியும்" என்றார். முடித்த பிறகும் கையால் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மா உசிரோட இருந்து எழுதியிருக்காவல்லா வே?"

"ஆமா ஐயா."

"பொறவென்ன."

ஆனால் அவர் குரலில் பழைய உறுதி இல்லை. நான் அங்கே போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"போவணும்னா போவும். உம்ம இஷ்டம். என்ன சொன்னாவன்னு மட்டும் எங்கிட்ட வந்து சொல்லாதேயும். நான் எத்தனை பேரை அப்படி உக்கார வச்சிருக்கேன்னு இனிமே உக்காந்து எண்ண முடியாது வே."

இந்த மலர் அவருக்கும் போகும். மகள்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள். தாயி, இந்த இடத்தோடு நிறுத்திவிடு. கட்டுரை முடிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவிடு.

கிருத்திகையன்று காலையிலேயே குறுக்குத்துறைக்குப் போனேன். படியில் இறங்கித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, வாய் தவறாமல் இருக்க வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு, பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பெயர் புத்தகத்தில் இருந்தது. அங்கே வாசலில் விசாரித்ததும் வீட்டைச் சொல்லிவிட்டார்கள்.

அவரே கதவைத் திறந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. சுவரில் இரண்டு படம், ஒன்று வீட்டுக்காரர், ஒன்று சங்கரன். மகள் வெளிநாட்டில் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். தனியாகத்தான் இருந்தார்.

"யாரு வேணும்?"

"டீச்சர், நான் தீயணைப்புல இருந்தவன். ஒங்க புஸ்தகம் படிச்சேன்."

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தார். கதவைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதற்கு நேர் எதிரே இன்னொன்றைப் போட்டு உட்கார்ந்தார்.

"உக்காருங்க. இங்கன, என்னைப் பார்த்து."

உட்கார்ந்தேன்.

"உங்க மேல எனக்கு எம்புட்டு ஆத்திரம் தெரியுமா?"

"படிச்சேன் டீச்சர்."

"எழுதுனது பாதிதான். சொல்லுங்க. குறைக்காம சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். சுடலைமுத்து முங்குவதற்கு முன்னால் தண்ணீரைத் தொட்டு சங்கு என்று சொன்னதிலிருந்து தொடங்கினேன். கசத்தின் அடியில் கல்லிடுக்கில் கால் மாட்டியிருந்தது. சுடலைமுத்து பையனைக் கொண்டுவந்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். உடனே கரைக்குக் கொண்டுவரவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளையின் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். ஒரு கையால் தண்ணீரை அள்ளி முகத்து மணலைக் கழுவினார். மூக்கில், காதில், மயிரில் இருந்ததையெல்லாம் பைய பைய எடுத்தார். சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது.

"கண்ணு?"

பொய் சொல்லக் கூடாது என்பது ஆபீசர் முறை. அது கரைக்கு மட்டுமா, வீட்டுக்கும் உண்டா என்று நான் அவரிடம் கேட்டு வரவில்லை.

"தெறந்துதான் இருந்துது டீச்சர். சுடலைமுத்து மூடிவிட்டாரு. மூட மூடத் தெறந்துது. அப்புறம் உள்ளங்கையை அது மேல வச்சு, காதுகிட்ட குனிஞ்சு என்னமோ சொன்னாரு. கையை எடுத்தப்போ மூடியிருந்துது."

"என்ன சொன்னாரு?"

"வண்டியில வாரப்போ நான் கேட்டேன். 'சங்கு, வீட்டுக்குப் போலாம்டே'ன்னு சொன்னேன் அண்ணேன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

டீச்சர் அழவில்லை. அன்று கரையில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் அவர் அழவில்லை. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இருந்தார். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள்.

"அவர் இருக்காரா?"

"இல்ல டீச்சர். போன வருசம்."

"அவர் வீட்டுல அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் ஒன்றாக வேலை பார்த்தும் அதைக் கேட்டதில்லை. தெரியாது என்றேன்.

வந்த வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று எழுந்தேன். "இருங்க" என்றார்.

"காலையில என்ன சாப்பிட்டான்னு கேட்டீங்கள்லா? அதை எதுக்குக் கேட்டீங்க?"

"நீங்க பேசணும்னுதான். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல டீச்சர்."

"நான் என்ன சொன்னேன்?"

"இட்லின்னு சொன்னிய."

"புஸ்தகத்துலயும் அதான் எழுதியிருக்கேன்." சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "சாப்பிடல. தட்டுல வச்சேன். பரீட்சையில ஒரு பாடம் போயிட்டு. வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு இதுகூட வரலியான்னு கேட்டேன். தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். பசிச்சா வந்து தின்பான்னு நான் மூடி வச்சுட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவன் காலேஜுக்குப் போகல. ஆத்துக்குப் போயிட்டான்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். கரையில் என்ன சொல்லக் கூடாது என்று எனக்குப் பாடம் உண்டு. இதற்குப் பாடம் இல்லை.

"அன்னைக்கு நீங்க அதைக் கேட்டப்போ, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னே நெனச்சேன். ஊரு பூராவும் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அதான் இட்லின்னு சொன்னேன். இத்தனை வருசமா அதையே சொல்லிட்டு வாரேன்."

அவர் உள்ளே போனார். பாத்திரம் திறக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்கு வீடு காலையில் கேட்கிற சத்தம்தான். திரும்பி வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் நாலு இட்லி, ஓரத்தில் துவையல்.

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன். கிருத்திகை, பொழுது சாய்கிறவரை ஒன்றும் தொடமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தட்டை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் காய்ச்சலிலும் விடாத விரதம். முருகன் இதை எப்படி எடுத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியாது. மறுபடி உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டேன்.

டீச்சர் எதிரே உட்கார்ந்தார். நான் முதல் விள்ளலைப் பிட்டு வாயில் வைத்து மென்று விழுங்குகிறவரை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.